எல்லை தாண்டிய இருமல்

பதிவு 1. நாள் 212, காலை 09:10

நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். என் பெயர் அபிஷா. வயது பதின்மூன்று. நிலவின் தென்முனை, நான்காம் குடியிருப்பு, எட்டாம் வகுப்பு லீடர். எங்கள் பெற்றோருக்குப் பனிச் சுரங்கத்தில் வேலை. "பார்ப்பதையெல்லாம் எழுது, பின்னால் வருகிறவர்களுக்கு உதவும்" என்று பூமியிலுள்ள கம்பெனி இந்த டேப்லெட்டைத் தந்தது. முதல் பக்கத்தில் கட்டைவிரல் ரேகை வைத்தேன்.

ஆக்சிஜன் 21 சதவீதம். மிஸ் கூட்டத்துக்குப் போனதால் பேசியவர்களின் பெயரைக் குறித்தேன். ஷிபின், இரண்டு கோடு. ஜெர்லின், ஒரு கோடு. அவள் பேசவில்லை, இருமினாள். சுரங்கத் தூசி ஒத்துக்கொள்ளவில்லையாம்.

ஷிபின் சொன்னது: "ஏ லீடரம்மா, இருமுனாலும் பேரா? அப்போ ஏப்பம் விட்டா தூக்குல போடுவியோ?"

அதற்கு மூன்றாவது கோடு.

பதிவு 2. நாள் 214, காலை 10:30

ஜெர்லின் வீட்டுக்குப் பூமியிலுள்ள கம்பெனியிடமிருந்து செய்தி: "உங்கள் மகளுக்குத் தூசி இருமல் இருப்பதாக அறிகிறோம். நாள் 219 விண்கலத்தில் அவர் மட்டும் திருப்பி அனுப்பப்படுவார்."

அவள் பெற்றோருக்கு ஒப்பந்தம் இன்னும் மூன்று வருடம். பூமியில் அவளுக்கு யாரும் இல்லை. விடுதிதான்.

அவளை எந்த டாக்டரும் பார்க்கவில்லை. எங்கள் குடியிருப்புச் சட்டப்படி, ஒருவரின் உடல்நிலைத் தகவல் அவர் ஒப்புதல் இல்லாமல் நிலவைத் தாண்டக் கூடாது. நாற்பத்தொரு பக்கமும் படித்திருக்கிறேன். யாரோ சட்டத்தை மீறியிருக்கிறார்கள்.

பதிவு 3. நாள் 215, மதியம் 14:05

சந்தேகம் ஒன்று: ஷிபின். அவன் அண்ணனுக்குத் தகவல் அறையில் வேலை. கேட்டதும் அவன் காது சிவந்தது.

சந்தேகம் இரண்டு: நர்ஸ் சுனிதா அக்கா. இன்று 09:40க்கு மருந்து அலமாரியிலிருந்து நீல மூடி போட்ட பாட்டில் ஒன்றை எடுத்துத் துப்பட்டாவுக்குள் மறைத்தார். வராந்தாவில் என்னைத் தவிர யாருமில்லை. ஆதாரம் கிடைக்கும்வரை யாரிடமும் சொல்லப்போவதில்லை.

பதிவு 4. நாள் 216, காலை 11:20

சுனிதா அக்காவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அறிவிப்புத் திரையில் கம்பெனியின் செய்தி: "நாள் 215, 09:40. நீல மூடி பாட்டில் ஒன்று அனுமதியின்றி எடுக்கப்பட்டது."

அது ஜெர்லினுக்கான இருமல் மருந்தாம்.

நான் யாரிடமும் சொல்லவில்லையே. இங்கே எழுதியதோடு சரி.

சட்டத்தை மறுபடி எடுத்தேன். பக்கம் 38, பொடி எழுத்து: "ஒருவர் தம் விருப்பப்படி எழுதும் குறிப்பு அவருக்கே உரியது. அதை அனுப்ப, அதில் வரும் மற்றவர்களின் ஒப்புதல் தேவையில்லை."

முதல் பக்கத்தில் நான் வைத்த கட்டைவிரல் ரேகையே போதும்.

ஜெர்லினிடம் சொன்னேன். அவள் கேட்டாள்: "எனக்கு எத்தன கோடு போட்ட? ஒண்ணா? அன்னைக்கு நாலு தடவ இருமுனேன் பிள்ளே! ஒழுங்கா எண்ணவும் தெரியாதா ஒனக்கு?" சிரித்தாள். சிரிப்பு இருமலானது. நான் எண்ணவில்லை.

பதிவு 5. நாள் 219, காலை 10:40

மூன்று நாளாக எழுதவில்லை. இதை நீங்கள் படிக்கிறீர்கள் என்று தெரிந்தே இப்போது எழுதுகிறேன்.

கலம் வந்துவிட்டது. 12:00க்குப் புறப்படும். அடுத்தது ஆறு மாதம் கழித்து. ஜெர்லின் வீட்டில் இல்லை.

டேப்லெட்டில் கம்பெனியின் செய்தி: "அன்புள்ள மாணவத் தலைவிக்கு, ஜெர்லினைக் கடைசியாக எங்கே பார்த்தீர்கள்?"

10:46. பக்கம் 40: ஒப்புதலைத் திரும்பப் பெறலாம். அபிஷா ஆகிய நான் என் ஒப்புதலைத் திரும்பப் பெறுகிறேன்.

10:47. பதில்: "உங்கள் கோரிக்கை கிடைத்தது. பரிசீலிக்க முப்பது நாள் ஆகும். அதுவரை தொடர்ந்து எழுதவும்."

10:52. வராந்தாவில் பூட்ஸ் சத்தம். நாலு பேர். இல்லை, அதிகம். ஒவ்வொரு கதவாகத் திறக்கிறார்கள்.

10:55. மறுபடி அதே கேள்வி. இந்தத் தடவை "அன்புள்ள" இல்லை.

10:57. அவள் இருக்கும் இடம் எனக்குத் தெரியும். அது உண்மை, அதனால் எழுதிவிட்டேன். எந்த இடம் என்று எழுத மாட்டே

10:58. விளக்குகளை அணைத்துவிட்டார்கள். விட்ட எழுத்தையும் எழுதிவிடுகிறேன்: மாட்டேன்.