நாக்குக்கு அடியில்

அன்புள்ள மச்சான்,

மாசி பிறந்தும் உங்கள் கடிதம் வரவில்லை. கொழும்புக் கடையில் வேலை அதிகமாக இருக்கும். குறை சொல்லவில்லை.

வயிற்றில் இருப்பது நன்றாக உதைக்கிறது. ஆனால் போன பிள்ளையைப் புதைத்த மேட்டைத் தாண்டித்தான் தேயிலைக் கொழுந்தெடுக்கப் போகவேண்டும். அங்கே வந்ததும் நெஞ்சு படபடக்கிறது, அதற்குப் பிறகு கொழுந்தில் கை ஓடுவதில்லை. கொழுந்து குறைகிறது என்று கணக்கப்பிள்ளை தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சரிடம் சொல்லிவிட்டார். டிஸ்பென்சர் படபடப்புக்கென்று தினமும் ஒரு மாத்திரை தருகிறார். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் எல்லாரும் பார்க்க விழுங்கினால்தான் பேர் போடுவார்கள். பேர் இல்லையென்றால் சம்பளம் இல்லை.

"வயித்துப் புள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுங்களா?" என்று டிஸ்பென்சரிடம் கேட்டேன்.

"தொரசாணின்னு நெனப்பா? முழுங்கு," என்றார். கணக்கப்பிள்ளை சிரித்தார்.

துரையின் சம்சாரம், அந்தத் துரைசாணியும் முழுகாமல்தான் இருக்கிறார். அவருக்கும் இதே படபடப்பாம். கண்டியிலிருந்து டாக்டர் வந்து, பக்கத்தில் உட்கார்ந்து, வயிற்றுப் பிள்ளைக்கு எந்த மருந்து ஆகும், எது ஆகாது என்று விளக்கினாராம். பங்களாவில் வேலை செய்யும் மங்களேஸ்வரி சொன்னாள். எனக்கும் ஒருவர் அப்படிச் சொல்லியிருந்தால் நம்பி விழுங்கியிருப்பேன். இந்தப் படபடப்பு போகவேண்டும் என்றுதான் எனக்கும் ஆசை, மச்சான்.

ஒரு வாரமாக மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒதுக்கி, மலை ஏறியதும் துப்புகிறேன். அதற்குள் பாதி கரைந்துவிடுகிறது. போடுகிறேனா, போடவில்லையா என்று எனக்கே தெரியவில்லை.

இன்று அந்த மேட்டருகே நெஞ்சு படபடக்கவில்லை. அதுவே பயமாகிவிட்டது. மருந்து எனக்குள் போயிருந்தால் பிள்ளைக்கும் போயிருக்குமே. பிள்ளை உதைக்கும்வரை பனியில் அங்கேயே நின்றேன். உதைத்தது. சொல்ல ஆள் இல்லை. அதனால் உங்களுக்கு எழுதுகிறேன்.

ஒரு நாளாவது வந்துவிட்டுப் போங்கள்.

தோட்டத்து லயத்து வீட்டில் இருக்கும்
உங்கள் வீட்டுக்காரி