அவஸ்தை பூசிய கை

பெருநகர்
22-11-1998

அன்பு மகள் லூர்துமேரிக்கு, மாதா காவலில் மஸ்கட்டில் நீ சுகமாயிருப்பாய் என்ற நம்பிக்கையோடு நைனா எழுதுவது. இங்கே எல்லோரும் எழுந்து நடமாடுகிறோம். மழை நன்றாகப் பெய்து ஏரி நிரம்பிவிட்டது.

போனில் அம்மா திரும்பத் திரும்பச் சொன்ன அவஸ்தை என்னவென்று கேட்டிருந்தாய். அவஸ்தைப்பூசுதல் என்பது பழைய பெயர். சாகக் கிடப்பவருக்குச் சாமியார் நெற்றியிலும் உள்ளங்கைகளிலும் மந்திரித்த எண்ணெய் பூசி வேண்டிக்கொள்வது. உன் காலத்தில் அதை நோயில்பூசுதல் என்று மாற்றிவிட்டார்கள், நோயாளி பிழைக்கவும்தான் பூசுவது என்கிறார்கள். நம் தெருவில் இன்னும் பழைய பெயர்தான், பூசினால் ஆள் போய்விடும் என்ற பயமும் போகவில்லை. இம்மாதத் தொடக்கத்தில் நம் வீட்டுக்கு வந்த இடத்தில் உன் பெரியப்பாவுக்கு மூச்சு இழுத்துக்கொண்டது, சாமியாருக்குச் சொல்லியனுப்பினோம். புதியவர், யார் முகமும் தெரியாது. அவர் வந்த சாயங்காலம் மழையில் கரண்ட் இல்லை. பெரியப்பா கட்டிலில் படுக்க முடியாமல் சுவரோரம் பாயில் கிடந்தார், தலைவலி என்று அம்மா அந்தக் கட்டிலில் போர்த்திப் படுத்திருந்தாள். சாமியார் நேராகக் கட்டிலுக்குப் போய்ச் செபத்தைத் தொடங்கிவிட்டார். தொடங்கிய செபத்தை நிறுத்தக்கூடாதென்று முழங்காலில் இருந்த நாங்கள் வாய் திறக்கவில்லை, அம்மாவும் கையை விரித்துக் கொடுத்துவிட்டாள். முடிந்த பிறகுதான் சொன்னோம். சாமியார் பதறாமல் பெரியப்பாவுக்கும் பூசினார், அம்மாவுக்கு ஒன்றும் ஆகாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் பெரியப்பா எழுந்து கஞ்சி கேட்டார், இப்போது கழனிக்கே போகிறார். அம்மாவுக்கு ஜுரம்கூட இல்லை, ஆனால் கையைக் கழுவ மாட்டேன் என்கிறாள். கழுவுனா அந்தச் சாவு அவராண்டயே திரும்பிப் பூடும், அவருக்கு ரெண்டு பொண்ணு கட்டிக் குடுக்காம கீது, எனக்கு இன்னா, லூர்துதான் வேலைக்குப் பூட்ச்சே என்று சாதாரணமாகத்தான் சொல்கிறாள். ஸ்பூனில் சாப்பிடுகிறாள். உள்ளங்கைகளை மேலே தெரியும்படி மடியில் வைத்து வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். பெரியப்பா தினமும் பால் கொண்டு வருகிறார், உள்ளே வருவதில்லை. படலுக்கு வெளியே நின்று இன்னாம்மா, இன்னும் உசுரோட கீறியா என்கிறார். முதலில் அது தமாஷ், அவளும் கீறேன் மாமா என்று சிரித்தாள். இப்போது இருவரும் சிரிப்பதில்லை. இத்தனை நாளாகியும் அந்த எண்ணெய் காயவில்லை லூர்து, நானே தொட்டுப் பார்த்தேன்.

கிறிஸ்துமஸ் வரை காத்திராமல் லீவு கேட்டு வா. ஆஸ்பத்திரியில் எத்தனை பேருக்குக் கை கழுவிவிடுகிறாய், அம்மா கையையும் நீ பிடித்துக் கழுவிவிடு, என்னால் முடியவில்லை. டூட்டி முடிந்து வந்தால் சாப்பிடாமல் படுக்காதே. காவல் சம்மனசு உனக்குத் துணையாக வரட்டும். அம்மா உன்னிடம் தனியாக ஒரு வெள்ளைப் புடவை கேட்டாளாமே. அடக்கத்துக்குக் கேட்கிறாள். அதை மட்டும் வாங்கி வராதே.

உன் நைனா,
சவரிமுத்து