மின்னும் பக்கத்தில் ஒரு சந்தனப் பொட்டு

மன்னி,

இன்று நவராத்திரி அஷ்டமி. சாயங்காலம் பூஜை வைப்பதற்காகச் சந்தனம் அரைத்துக்கொண்டிருந்தேன். புத்தகங்கள், கத்தரிக்கோல், தையல் மெஷின் என்று ஒவ்வொன்றாகப் பொட்டு வைத்துக்கொண்டு வந்தவளுக்கு, லாப்டாப்பின் முன்னால் விரல் நின்றுவிட்டது. எங்கே வைப்பது? கடைசியில் மூடியின் மேல் ஓரமாக ஒன்று வைத்தேன். உடனே சிரிப்பு வந்துவிட்டது. கூடத்திலிருந்து அண்ணா, "என்னடி?" என்றான். "ஒண்ணுமில்லை" என்றேன். அவனுக்கும் தெரியும். நீ எங்களை விட்டுப் போன வருஷம் வீட்டில் பூஜை இல்லை. அதனால் இந்த வாசனை இரண்டு வருஷம் கழித்து வருகிறது.

நீ கும்பகோணத்திலிருந்து கரமனைக்கு வந்தபோது உனக்கு மலையாளம் ஒரு வார்த்தை தெரியாது. கணக்கில் பட்டம் வாங்கியவள், காய்கறிக்கடையில் விரலைக் காட்டிக் காய் வாங்கினாய். அண்ணாவின் ஆபீசில் கழித்துப்போட்ட கம்ப்யூட்டர் ஒன்று வீட்டுக்கு வந்ததும் உனக்கு உயிர் வந்தது. அதில் விண்டோஸ் நிமிஷத்துக்கொருதரம் உறைந்துபோகும். தம்பானூர்ப் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில், விண்டோஸுக்குப் பதிலாகப் போடுகிற லினக்ஸைச் சொல்லிக்கொடுக்க ஆள் தேவை என்று போர்டு பார்த்துவிட்டு வந்தாய். சர்டிபிகேட் வேண்டாமாம், வீட்டில் தானே போட்டுப் பழகியவராக இருந்தால் போதுமாம். விஜயதசமிக்கு மறுநாள் வரச் சொல்லியிருந்தார்கள்.

அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை.

"எதுக்காக்கும் இப்போ வேலை? இங்கே என்ன குறைச்சல்? யார் கேட்டா உன்னை? கரண்டி பிடிக்கற கைக்கு கம்ப்யூட்டரா?" ஒரு மூச்சில் இத்தனை கேள்வி. நீ மாடிக்கு வந்து என்னிடம் மட்டும், "ஒருதரம் உள்ளே போய் நின்னுட்டேன்னா போறும்டி" என்றாய். அந்த முகத்தைப் பார்த்த பிறகு எனக்கும் அது என் பரீட்சை மாதிரி ஆகிவிட்டது.

பத்திரிகையோடு இலவசமாக வந்த லினக்ஸ் சிடியை வைத்துக்கொண்டு அஷ்டமி அன்று மத்தியானம் நாம் இரண்டு பேரும் உட்கார்ந்தோம். இருப்பதெல்லாம் அழிந்துவிடும், சம்மதமா என்று திரை கேட்டது. நான் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். நீ துளிக்கூடத் தயங்காமல் சம்மதம் என்று அமுக்கினாய். விண்டோஸ் போயிற்று. லினக்ஸ் நத்தை மாதிரி நகர்ந்துகொண்டிருந்தது. பாதிகூட ஆகவில்லை, கீழே அம்மாவின் குரல்: "விளக்கேத்தியாச்சு! எல்லாம் கொண்டுவாங்கோ. பூஜை வச்சாச்சுன்னா அப்புறம் தசமி வரைக்கும் தொடப்படாது, கேட்டியா?"

நிறுத்தினோம். பெட்டி, திரை, கீபோர்டு எல்லாம் ஸ்வாமி உள்ளுக்குப் போயின. நீ சிடியை மட்டும் தனியாக எடுத்து, புத்தகங்களின் மேல் வைத்து, எத்தனை பக்தியோடு அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தாய்! மின்னுகிற பக்கத்தில். "அதானேடி முகம்" என்றாய். எனக்கும் நியாயமாகத்தான் பட்டது.

நவமி முழுக்க நாம் அந்த அறை வாசலில் நின்று நின்று பார்த்தோம். விஜயதசமிக் காலையில் தீபாராதனை முடிந்ததும் பெட்டியை மாடிக்குத் தூக்கிவந்து, பொட்டோடு அப்படியே சிடியை உள்ளே தள்ளினாய். பூஜைப் பொட்டை யாராவது துடைப்பார்களா? பஸ்காரர்கள் துடைக்கிறார்களா? உள்ளே கரகரவென்று சத்தம். திரையில் படிக்க முடியவில்லை என்று ஒரு வரி. மறுபடி தள்ளினாய், மறுபடி அதே வரி. அண்ணா வந்து சிடியை வெளியே எடுத்துப் பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தான்.

"படிக்கற பக்கம் இதாக்கும்! நீ அதுக்குக் கண்ணை மூடிட்டியே!"

நீ சிரிக்கவில்லை. துடைக்கவும் உனக்கு மனசு வரவில்லை. துடைக்காவிட்டால் நாளைக்குப் போய் என்ன சொல்வாய்? பழையதும் இல்லை, புதியதும் இல்லை, வெறும் கறுப்புத் திரை. உன் கண் நிரம்பிவிட்டது. சத்தம் கேட்டு அம்மா மாடியேறி வந்தாள். போச்சு, எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

அம்மா சிடியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். உன்னைப் பார்த்தாள்.

"துடைக்கப்படாதுதான். அபிஷேகம் பண்ணலாமே. ஸ்வாமிக்குச் சாத்தின சந்தனம் பின்னே எப்படிப் போறது?"

மூக்கு வைத்த கிண்டியில் தண்ணீர் கொண்டுவரச் சொன்னாள். முற்றத்தில் உன்னைச் சிடியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, வாய்க்குள் ஏதோ சொல்லிக்கொண்டே தண்ணீர் விட்டாள். சந்தனம் கரைந்து துளசி மாடத்துக்குப் போயிற்று. அப்பாவின் பழைய வேஷ்டியால் ஈரத்தை ஒற்றி எடுத்து, "இனி உன் சமர்த்து" என்று உன் கையில் கொடுத்துவிட்டுச் சமையல் பார்க்கப் போய்விட்டாள்.

படித்தது, மன்னி! சாப்பாட்டுக்குக்கூட இறங்காமல் உட்கார்ந்திருந்தோம். பாஸ்வேர்டு அடித்தபோது திரையில் ஒரு புள்ளிகூட வரவில்லை என்று கீபோர்டும் போய்விட்டதாகப் பயந்தது ஞாபகம் இருக்கிறதா? அங்கே அது அப்படித்தான், ஒன்றும் காட்டாது என்று புரியவே அரைமணி ஆயிற்று. சாயங்கால வெயில் ஜன்னலில் விழுந்தபோது நீல நிறத்தில் ஒரு முகப்பு வந்து நின்றது. நீ என் கன்னத்தைக் கிள்ளிய இடம் சிவந்துபோயிற்று.

மறுநாள் சென்டரில், சிஸ்டம் கெட்டுப்போனால் என்ன செய்வாய் என்று உன்னிடம் ஒரே கேள்விதான் கேட்டார்களாம்: "சிஸ்டம் கேடாயால் எந்து செய்யும்?" உனக்குத் தெரிந்த மலையாளத்தில் நீ சொன்னாயாம்: "குளிப்பிச்சிட்டு ஆத்யம் முதல் செய்யும், சார்." குளிப்பாட்டிவிட்டு முதலிலிருந்து செய்வேன் என்று! கேட்டவர் விழிக்க, நீ சந்தனக் கதை முழுவதையும் பாதித் தமிழில் சொல்ல, அறையே சிரித்திருக்கிறது. அடுத்த திங்கட்கிழமை வரச் சொல்லிவிட்டார்கள். அப்புறம் எத்தனை வருஷம், எத்தனை பிள்ளைகள். முதல் வகுப்பிலேயே நீ அவர்களிடம், "அழிஞ்சா அழியட்டும், மறுபடி போட்டுக்கலாம்" என்பாயாம். உன் காரியத்துக்கு வந்திருந்தவர்களில் பாதிப்பேர் அதைச் சொல்லித்தான் அழுதார்கள்.

உன்னை நினைத்தால் எனக்கு அழுகையைவிட நிறைவுதான் வருகிறது. ஏன் என்று உன்னிடம் நான் ஒருநாளும் சொன்னதில்லை. நீ வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம் கழித்து எனக்கு வேலை கிடைத்த அன்று, பயந்துகொண்டே சமையலறை வாசலில் நின்று அம்மாவிடம் சொன்னேன். உன்னிடம் கேட்ட கேள்விகள் எல்லாவற்றுக்கும் பதில் தயார் செய்து வைத்திருந்தேன். அம்மா அடுப்பிலிருந்து திரும்பக்கூட இல்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்:

"மத்தியானத்துக்குக் கொண்டுபோகத் தயிர்சாதம் போறுமோ?"