எங்கள் கிணற்றுக் கயிறு

1924 ஆடி, புதன் இரவு

காவிரி வெள்ளத்தில் ஊர்க் கிணறுகளெல்லாம் சேறாகிவிட்டன. மேட்டில் இருக்கும் எங்கள் ஜெபவீட்டுக் கிணறு மட்டும் தெளிவாக இருக்கிறது. தன் கிணற்றுப் பக்கம் எங்கள் சனத்தை அண்டவிடாத, ஊர்ப் பண்ணைக்காரரான பண்ணாடி இன்று குடத்தோடு வந்து நின்றார்.

உபதேசியாரான என் வீட்டுக்காரர் சேந்து கயிற்றை நீட்டினார். பண்ணாடி கை நீட்டவில்லை.

"கீழ வெச்சுட்டுத் தள்ளி நில்லுப்பா. நானே சேந்திக்கறேன்."

இவரும் வைத்தார்.

சாப்பிடும்போது கேட்டேன்: "ஏனுங்க, வெள்ளம் வடிஞ்சா நம்மள அவரு கெணத்துல சேந்த உடுவாருங்களா?"

"அதுக்காகவா குடுத்தோம்?"

வேதப்படி அது சரிதான். நாளை இவர் வெள்ளத்தில் வீடிழந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்ற அக்கரைக்குப் போகிறார். பண்ணாடி வந்தால் நான்தான் இருப்பேன். தண்ணீர் உண்டு. கயிற்றைக் கீழே மட்டும் வைக்கமாட்டேன்.