புலிக்கு வைத்த ரொட்டி

லிந்துலை,
ஞாயிறு மாலை.

அன்புள்ள ஷிபானாவுக்கு,

நீயும் மஃறூப் நானாவும் கொழும்பு வெயிலில் சுகமாக இருக்க வேண்டும். நானும் சுகம் என்று எழுதத்தான் ஆசை. அவசரமாக எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே. போனில் பேசியிருக்கலாமே என்பாய். உன்னிடம் கேட்கப்போவது போனில் அனுப்புகிற சாமான் இல்லை, கடைசியில் சொல்கிறேன்.

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் சிறுத்தை நடமாடுவது உனக்குத் தெரியும். எங்கள் ஆட்களுக்கு அதுவும் புலிதான். லயத்து வீட்டுவரிசையில் ஒரு நாயைத் தூக்கிக்கொண்டு போனது. கொழுந்து எடுக்கப் போன நாகலெட்சுமி அக்கா நேருக்கு நேர் பார்த்து, கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். அதற்குப் பிறகு பிள்ளைகள் வாசல் தாண்டவில்லை. பள்ளிக்கூடம் விட்டதும், வேலைக்குப் போகிற தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக்காம்பராவில் நான் நடத்துகிற வாசிப்பு வகுப்புக்கு ஒரு தலைகூட வரவில்லை.

நீ எழுதி அனுப்பிய படக்கதைகளைத் தூக்கிக்கொண்டு நானே லயம் லயமாகப் போனேன். பயந்ததையே கதையாக எழுதுங்கள் என்றேன். எழுதியதை வாசித்துக்காட்ட எல்லோரும் வகுப்புக்குத் திரும்பி வந்துவிட்டார்கள். அடடா, என்ன எழுத்து! ஒருத்தியின் கதையில் புலிக்குப் பல்வலி. இன்னொருவன் கதையில் அது குளிருக்குக் கம்பளி கேட்கிறது. புத்தகத்தைக் கண்டால் ஓடி ஒளிகிற என் மகன் மதுரன் ஒரு பக்கம் முழுக்க எழுதினான். காலையில் ஆள் எடுக்கிற பெரட்டுக்குப் புலி பிந்தி வந்ததாம். கங்காணி பேர் போடாமல் விரட்டிவிட்டாராம். புலி அழுதுகொண்டே மலையேறியதாம். வகுப்பே உருண்டு சிரித்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. கதைகளைக் கயிற்றில் தொங்கவிட்டு, வருகிறவர் போகிறவரையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினேன்.

வெள்ளிக்கிழமை, தோட்டத்தைக் காவல் பார்க்கிற வாச்சர் வீரய்யா மாமா வந்தார். “மேமலை முனியாண்டி கல்லுல யாரோ நேர்த்தி வைக்கிறாங்க போல டீச்சர். ரொட்டியும் கருவாடுமா இருக்கு. சாமிக்கு வச்சதாச்சே, நான் கை வைக்கல, கும்பிட்டுட்டு வந்துட்டேன்” என்றார். மலையில் வேலை தொடங்குமுன் பெரியவர்கள் படையல் வைப்பது அந்தக் கல்லில்தான். அதனால் யாரும் சந்தேகப்படவில்லை. பக்கத்தில் நின்ற மதுரன்தான் வாயைத் திறந்தான்.

“சாமிக்கு இல்லம்மா, புலிக்கு. பேரு விழாட்டி சம்பளம் இல்லதானே? பாவம், பட்டினியா கெடக்கும்” என்றான். பிள்ளைகள் முறை வைத்துக் கொண்டுபோயிருக்கிறார்கள், ஷிபானா!

மாமாவும் நானும் மேலே ஓடினோம். கல்லில் ரொட்டி இல்லை. ஈர மண்ணில் என் உள்ளங்கை அகலத்துக்குப் புலியின் தடம். அதை ஒட்டியே மதுரனின் செருப்புத் தடம். வீட்டுக்கு வந்து அவனை அடித்தேன், பிறகு கட்டிப்பிடித்து அழுதேன். கட்டாரில் இருக்கிற அவனுடைய அப்பாவுக்கு இதை நான் சொல்லவே இல்லை.

புலி கடிக்கும் என்று பிள்ளைகளிடம் கத்தினேன். “அதுக்குத்தான் பல்வலியாச்சே டீச்சர்” என்று சிரிக்கிறார்கள். கூண்டு வைக்க ஆட்கள் வரப்போகிறார்களாம். வைத்தால் இதுகள் போய்க் கதவைத் திறந்துவிடும்! வகுப்பை மூடச் சொல்கிறார்கள் தாய்மார். மூடினால், அவர்கள் மலையிலிருந்து இறங்கும்வரை இந்தப் பனிமூட்டத்தில் பிள்ளைகள் எங்கே போவார்கள் என்று எனக்கல்லவா தெரியும்?

உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன். புலி எழுதுவதுபோல இவர்களுக்கு ஒரு கடிதம் எழுது. என் கையெழுத்தைத் தூக்கத்தில்கூடக் கண்டுபிடித்துவிடுவார்கள். முத்திரை ஒட்டித் தபாலில் வரட்டும். ரொட்டிக்கு நன்றி சொல். ஊரை விட்டுப் போய்விட்டேன் என்று மட்டும் எழுதாதே, தேடிக்கொண்டு போவார்கள். பசி வந்தால் சிநேகிதன் யார், ஆட்டுக்குட்டி எது என்று எனக்குத் தெரியாது, கல்லுப் பக்கம் வராதீர்கள் என்று எழுது. அவர்கள் பயப்பட வேண்டும், ஆனால் பென்சிலைக் கீழே போட்டுவிடக் கூடாது. அதை எப்படி எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை. நீ எழுதுவாய்.

மதுரன் எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறான். ரொட்டியில் பாதியைப் பிய்த்துத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைத்திருக்கிறான். எழுந்து போய் வாசல் கதவைத் தாழிட்டுவிட்டு வந்தேன்.

உன் துஆவில் என் பிள்ளையையும் சேர்த்துக்கொள். இது கிடைத்த கையோடு எழுது, ஷிபானா.

உன்
வினோதா