நடு அறையில் புது ரவுட்டர்

உழவர்கரை, புதுச்சேரி
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் கார்குழலிக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் சுகம்தானே என்று கேட்கத்தான் பேனா போகிறது, ஆனால் நீ சுகமாக இல்லை என்று தெரிந்தே எழுதுகிற கடிதம் இது. இப்போது வீட்டில் நெட் நன்றாக வருகிறது, பேசினாலே போதும், இருந்தாலும் காகிதத்தில் எழுதுகிறேன். போனில் உன் முகத்தைப் பார்த்துவிட்டால் எனக்கு வார்த்தை வருவதில்லை. உன் அம்மாவுக்கோ வருகிற வார்த்தை எல்லாம் அழுகையில் போய்விடுகிறது. பிரான்சுக்குக் கடிதம் போய்ச் சேர இரண்டு வாரம் ஆகும் என்று தபால் ஆபீசில் சொன்னார்கள். ஆகட்டும், மெதுவாக வரட்டும்.

அன்றைக்கு இங்கே என்ன நடந்தது என்று உனக்கு யாரும் முழுதாகச் சொல்லவில்லை. நீ ஸ்கேன் முடிந்து ஆஸ்பத்திரி வாசலில் நின்று கூப்பிட்டபோது உன் அம்மா அடுப்படியில் இருந்தாள். நம் வீட்டில் அடுப்படியில் சிக்னல் வராது என்பது உனக்கே தெரியும். அப்போது நெட் பெட்டி முன்னறை ஜன்னலோரம் இருந்தது, நடுவில் இரண்டு சுவர், போதாததற்கு கண்ணாடி வைத்த இரும்பு பீரோ. உன் முகம் துண்டு துண்டாக வந்தது. ஸ்கேன் பண்ணாங்கம்மா என்றாய், பிறகு ஏதோ கரகரத்தது, பிறகு கொழந்தைக்கு துடிப்பு என்றாய், அதோடு படம் அப்படியே நின்றுவிட்டது. கண்ணில் தண்ணீரோடு நின்றது. நீ சொன்ன அடுத்த சொல் எங்களுக்கு வந்து சேரவில்லை குழலி. உன் அம்மா, "துடிப்பு கேட்டுச்சாங்க, சந்தோசத்துல அழுவுறா பாருங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். திரும்பக் கூப்பிட்டோம், வட்டம் சுற்றிக்கொண்டே இருந்ததே தவிர இணைப்பு கிடைக்கவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்துப் பேசலாம் என்று அவள் சொன்னாள். நான்தான், "ஒரு வாய்ஸாவது போட்டு வுடு, கேட்டு சந்தோசப்படட்டும்" என்றேன். அவள் சிரித்துச் சிரித்துப் பேசியது உனக்கு வந்து சேர்ந்தது. "எம் பேரப்புள்ள துடிக்குதாமே, வயித்துல கைய வச்சி ஆயா கூப்புட்டுச்சின்னு சொல்லு கண்ணு" என்று அவள் சொன்னதை, அந்த வாசலில் தனியாக நின்று நீ எப்படிக் கேட்டிருப்பாய்? ஆட்டோ ஓட்டும்போது அந்த நினைப்பு வந்தால் ஓரமாக நிறுத்திவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

அன்றைக்குச் சாயங்காலமே உன் அம்மா பெரிய மார்க்கெட்டுக்குப் போய்ப் பூ வாங்கினாள், ஸ்வீட் வாங்கினாள். தெருவில் நாலு வீட்டுக்குக் கொடுத்தாள். வைத்திக்குப்பம் போய் உன் பெரியம்மா அங்கம்மாளுக்கும் கொடுத்தாள், மீன் விற்கிற கையோடு இருந்தவளை வாயைத் திறக்கச் சொல்லி ஊட்டிவிட்டாளாம். இரண்டு நாளாக நீ எதற்கும் பதில் போடவில்லை. வேலை இருக்கும், தூக்கமாக இருக்கும் என்று எங்களுக்கு நாங்களே சமாதானம் சொல்லிக்கொண்டோம். பிறகு நான் ஆட்டோ ஸ்டாண்டில் இருக்கும்போது மாப்பிள்ளை சாதாரண போனில் கூப்பிட்டார். செம்மல் தம்பி என்னிடம் குரலை உயர்த்திப் பேசிப் பழக்கமில்லாதவர். அன்றைக்கும் உயர்த்தவில்லை. "மாமா, உங்ககிட்ட சொல்லிட்டேன்னு குழலி சொல்றா. அப்புறம் ஏன் மாமா அத்த அப்படிப் பேசி அனுப்புனாங்க?" என்று மட்டும் கேட்டார். இன்னா சொல்லிட்டா தம்பி என்று நான் கேட்டதும் அவருக்கே புரிந்துவிட்டது.  பிறகுதான் துடிப்பு இல்லை என்று டாக்டர் சொன்னதையும், மறுநாளே ஆஸ்பத்திரியில் சேர்த்ததையும் சொன்னார். வருகிற சவாரியை வேறு வண்டிக்கு விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். உன் அம்மா பழைய பருத்திப் புடவையைப் பிள்ளைத்துணிக்காகக் கிழித்து மடித்துக்கொண்டிருந்தாள். நான் சொன்னேன். அவள் கையிலிருந்த துணியை மடித்து முடித்தாள், எல்லாவற்றையும் எடுத்து பீரோவுக்குள் வைத்தாள், கதவைச் சாத்திவிட்டு அதிலேயே நெற்றியை முட்டிக்கொண்டு நின்றாள். அந்த ஆடியோவை அழிக்கப் பார்த்தோம். நீல டிக் விழுந்திருந்தது. அழித்தோம், ஆனால் கேட்டது கேட்டதுதானே.

மறுநாள் அவள் ஸ்வீட் கொடுத்த ஒவ்வொரு வீட்டுக்கும் மறுபடி போனாள். நான் போய்ச் சொல்கிறேன் என்றேன், "நான் குடுத்தது, நான்தான் சொல்லணும்" என்றுவிட்டாள். வைத்திக்குப்பத்துக்கு மட்டும் நான் வண்டியில் கூட்டிப்போனேன். உன் பெரியம்மா கேட்டுவிட்டுக் கத்தியைக் கீழே வைத்தாள், மீன் கேட்டு நின்ற ஆட்களை அப்புறம் வரச் சொன்னாள். "எனக்கும் மொதல்ல ஒன்னு தங்காம போச்சி பாப்பா. அன்னைக்கி நம்ம அம்மாகூட எங்கிட்ட ஒரு வார்த்த பேசல. நீ அவள பேசாம வுட்டுடாத" என்றாள். இத்தனை வருஷத்தில் அக்காவுக்கு அப்படி ஒன்று நடந்தது உன் அம்மாவுக்கே தெரியாது. இரண்டு பேரும் கடற்கரையில் படகு நிழலில் உட்கார்ந்திருந்தார்கள், நான் தள்ளி நின்றுகொண்டேன்.

திரும்பி வந்து முன்னறையில் அந்தப் பழைய பெட்டியைப் பார்த்ததும் எனக்கு ஆத்திரமாக வந்தது. பொங்கலுக்கு வந்தபோதே மாப்பிள்ளை சொன்னார், மாமா இது பத்தாது, வேற மாத்திடுங்க என்று. கனெக்‌ஷன் கொடுத்தவன் சும்மா கொடுத்தது, ஓடுகிற வரைக்கும் ஓடட்டும் என்று நான் தள்ளிப்போட்டேன். அடுத்த நாள் காலையிலேயே கடைக்குக் கிளம்பினேன். உன் அம்மா, "இனிமே எதுக்கு? அவ கூப்புடவா போறா?" என்றாள். ஆனாலும் போனேன். காந்தி வீதியில் ஒரு கம்ப்யூட்டர் கடை, அங்கே விஜய் என்று ஒருவர். நான் போனதும் ஆறு ஆன்டெனா கொம்பு வைத்த பெட்டியைக் காட்டி இதைக் கொடு என்றேன், பெரிதாக இருந்தால் நன்றாக இழுக்கும் என்ற நினைப்பு. அவர் எடுக்கவில்லை. "வூடு எப்படி இருக்கும், எத்தன செவுரு, எங்க ஒக்காந்து பேசுவீங்க?" என்று கேட்டார். சொன்னேன். கொம்பின் எண்ணிக்கையைப் பார்த்து வாங்க வேண்டாம், மாடி வீட்டுக்காரர்களுக்குத்தான் அது, உங்களுக்கு டூயல் பேண்ட் இருந்தால் போதும் என்றார். பழைய பெட்டியில் ஒரே அலைவரிசைதானாம், தெருவில் உள்ள எல்லா வீட்டுப் பெட்டியும் அதே அலைவரிசையில் ஓடுவதால் ஒன்றோடொன்று இடித்துக்கொள்கிறதாம். புதியதில் இரண்டு இருக்கிறது. ஒன்று கொஞ்சம் மெதுவானது, சுவர் தாண்டிப் போகும். மற்றது வேகமானது, நெரிசலும் குறைவு, ஆனால் சுவர் வந்தால் சீக்கிரம் களைத்துவிடும். பேச்சு நடுவில் அறுந்துபோகாத பெட்டியாகக் கொடு தம்பி என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அப்படி எந்தப் பெட்டியும் இல்ல அண்ணே. லைனே போயிட்டா இது இன்னா பண்ணும்? வூட்டுக்குள்ள அறாம பாத்துக்கும், அவ்ளோதான்" என்றார். ஒளிக்காமல் சொன்னாரே என்று அதையே வாங்கினேன். கரண்ட் போனால் கொஞ்ச நேரம் தாங்குகிற சின்ன பேட்டரி ஒன்றும் சேர்த்து வாங்கினேன்.

மாட்டியது நான்தான், மாப்பிள்ளை போனில் சொல்லச் சொல்ல. வேலை முடிந்து வந்த களைப்போடு அவர் பொறுமையாகச் சொன்னார். வெளிக்கம்பி வருகிற பழைய பெட்டி முன்னறையிலேயே இருக்கட்டும், அதிலிருந்து நீளமான கேபிள் இழுத்து ரவுட்டரை நடு அறைக்குக் கொண்டுபோங்கள் என்றார். பீரோவைச் சுவரோரம் தள்ளினேன், அலைகளை இரும்பும் கண்ணாடியும் மறிக்குமாம். சாமி படத்துக்கு மேலே உயரமாக ஒரு பலகை அடித்து அதில் வைத்தேன். முதலில் கேபிளைத் தப்பான துளையில் சொருகிவிட்டேன், சிவப்பு விளக்கே எரிந்தது. நிறம் மாறி தனியாக இருக்கிற துளைதான் வெளிக்கம்பிக்கு என்று அவர் சொன்ன பிறகு மாற்றினேன். அப்புறம் போனில் ஒரு ஆப் போட்டு, பெட்டியோடு வந்த பாஸ்வேர்டை மாற்றி, இரண்டு அலைவரிசைக்கும் தனித்தனிப் பெயர் வைத்தேன். உன் அம்மாவின் போனில் ஒரு பெயர்தான் தெரிந்தது. கெட்டுவிட்டதோ என்று பயந்தேன். பழைய போனுக்கு வேகமான அலைவரிசையைப் பிடிக்கத் தெரியாது, ஒன்றும் கெடவில்லை என்றார் மாப்பிள்ளை. அதனால் என் போனை அவளுக்குக் கொடுத்துவிட்டேன், அவளுடையதை நான் வைத்துக்கொண்டேன். போனைக் கையில் பிடித்து அடுப்படிக்கும் தோட்டத்துக்கும் நடந்து பார்த்தேன். வீடியோவில் மாப்பிள்ளை முகம் ஒரு இடத்திலும் நின்றுபோகவில்லை. அவர் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. அவருக்கும்தானே அது பிள்ளை, அவரிடம் நாங்கள் ஒரு வார்த்தை ஆறுதலாகக் கேட்கவில்லையே என்று அப்போதுதான் உறைத்தது. சாப்டீங்களா தம்பி என்றேன். இல்ல மாமா என்றார். 

பெட்டி பச்சை விளக்கோடு எரிந்துகொண்டே இருந்தது, நீதான் கூப்பிடவில்லை. நல்லா இருக்கேன் என்று ஒரு வரி வரும், அவ்வளவுதான். உன் அம்மா நாமாகக் கூப்பிட வேண்டாம் என்றாள், அவளுக்கு உன் முகத்தைப் பார்க்கப் பயம். அப்படியிருக்கும்போதுதான் இந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நீயே கூப்பிட்டாய். அவள் அடுப்படியில் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். கை கழுவக்கூடத் தோன்றவில்லை, நான்தான் போனை அரிசி டின்னில் சாய்த்து வைத்தேன். நீ சோபாவில் போர்த்திப் படுத்திருந்தாய்.  பிறகு நீதான், "இன்னா மீனும்மா?" என்று கேட்டாய். "நெத்திலி" என்றாள். "நீ ஆய்ஞ்சிகிட்டே இரும்மா, நான் பாக்குறேன்" என்றாய். அவள் குனிந்துகொண்டு ஒவ்வொன்றாகத் தலை கிள்ளினாள், நீ பார்த்துக்கொண்டே இருந்து அப்படியே தூங்கிப்போனாய்.

இதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியாது, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். கட் பண்ணிடட்டுமா என்று கேட்டேன். "தூங்கட்டும். பாவம் புள்ள, எப்ப தூங்குனாளோ" என்று உன் அம்மா என் கையைத் தட்டிவிட்டாள். சார்ஜர் கொண்டுவந்து சொருகினேன். மிக்ஸி போட்டால் எழுந்துகொள்வாய் என்று மசாலாவை அம்மியில் அரைத்தாள். யாரோ வாசலில் கூப்பிட்டார்கள், நான் ஓடிப்போய்ச் சைகை காட்டி அனுப்பினேன். குழம்பை இறக்கிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு அவள் போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். உன் நெற்றி முடி கண்ணில் விழுந்திருந்தது, போன் கண்ணாடியின் மேலேயே விரலால் ஒதுக்கப் பார்த்தாள். பிறகு காதில் சொல்வதுபோல மெதுவாக, "எனக்குத் தெரியல கண்ணு. தெரிஞ்சிருந்தா அப்படிப் பேசியிருப்பனா? நீ அழுத மூஞ்சப் பாத்தும் எனக்குத் தெரியலியே, நானெல்லாம் இன்னா அம்மா" என்றாள். நீ தூக்கத்தில் புரண்டு படுத்தாய். அவள் பக்கத்திலேயே இருந்தாள். மாப்பிள்ளை வேலையிலிருந்து வந்து உனக்குப் போர்வையைச் சரிசெய்துவிட்டு, எங்களைப் பார்த்துக் கும்பிட்டு, மெதுவாக போனை அணைத்தார். அன்றைக்கு ராத்திரி உன் அம்மா ரொம்ப நாளைக்குப் பிறகு தட்டில் இரண்டாவது முறை சோறு போட்டுக்கொண்டாள். நேரில் இதை உன்னிடம் சொல்லும் தைரியம் அவளுக்கு எப்போது வரும் என்று எனக்குத் தெரியாது. அதனால் நான் எழுதிவிட்டேன். எழுதியது அவளுக்குத் தெரியும், வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை.

டாக்டர் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையை விடாதே. குளிரில் காலுக்கு உறை போட்டுக்கொள், சீக்கிரம் வேலைக்குப் போக வேண்டும் என்று அவசரப்படாதே. மாப்பிள்ளையும் உன் முன்னால் தைரியமாக இருக்கிறார், அவரையும் ஒரு நாள் அழவிடு. உங்கள் இரண்டு பேருக்கும் எங்கள் ஆசிகள், பெரியம்மாவும் சேர்த்துச் சொல்லச் சொன்னாள். உடம்பு தேறியதும் ஒரு மாதம் வந்து இருந்துவிட்டுப் போங்கள். அதுவரை, பேச எதுவும் இல்லாவிட்டாலும் கூப்பிடு. படுத்துத் தூங்குவதற்கென்றே கூப்பிட்டாலும் சரி, நாங்கள் அணைக்கமாட்டோம்.

உன்மேல் உயிராய் இருக்கும்
அப்பா பக்கிரி
(அம்மா சின்னப்பாப்பா பக்கத்தில்தான் இருக்கிறாள்)