மண்ணெண்ணெயில் ஊறிய பந்து

அன்பு மச்சான் றியாஸ்,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் கபுரடியில் நின்று சலாம் சொல்கிறேன், துஆக் கேட்கிறேன். அதற்குமேல் வாய் வருவதில்லை, அதனால்தான் எழுதுகிறேன். சொல்ல இருப்பதும் நல்ல கதை இல்லை. எனக்கு உன்மேல் பொறாமை, மச்சான்.

நீ மவுத்தாகி மண்ணுக்குள் போன பிறகு, உப்பு ஆலையில் நீ பார்த்த மெக்கானிக் வேலை எனக்குக் கிடைத்தது. பிறகு பெரியவர்கள் பேசி, உன் பெண்சாதி பரீனாவையும் எனக்கு நிக்காஹ் செய்துவைத்தார்கள். இதெல்லாம் உனக்கு அங்கே தெரியுமா? தெரிந்தால் என்ன நினைப்பாய்?

போன கிழமை, உப்புத்தண்ணீரை மேல் தொட்டிக்கு ஏற்றுகிற டயப்ரம் பம்ப் மக்கர் பண்ணியது. படபடவென்று அடிக்கிறது, தண்ணீர் மட்டும் ஏறவில்லை. "றியாஸ் இருந்தா இதுக்குள்ள ஓட வெச்சிருப்பான்" என்றார் சுப்பவைசர், என் முகத்துக்கு நேரே.

வால்வுக்குள் இருக்கிற பந்து தண்ணீர் போகும்போது எழும்பி வழிவிட வேண்டும். திரும்பி வரப் பார்த்தால் வளையத்தில் உட்கார்ந்து மறிக்க வேண்டும். உட்காராவிட்டால் ஏறின தண்ணீர் அப்படியே இறங்கிவிடும். உனக்கா இதைச் சொல்கிறேன்! பம்பை ஓட்டுகிற காற்றை நிறுத்தி, அழுத்தத்தை இறக்கி, பந்துகளைக் கழற்றினேன். நீ செய்கிற மாதிரியே மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்துப் பூட்டினேன். ஓடியது. மறுநாள் திரும்பவும் அதே கூத்து.

வீட்டில் பரீனா என்ன விசயம் என்று கேட்டாள். பம்ப் அடிக்கிறது, தண்ணீர் ஏறவில்லை என்று மட்டும் சொன்னேன்.

"வால்வுப் பந்தாத்தான் இருக்கும். மண்ணெண்ணெயில ஊறப் போட்டீங்களா? அவர் அப்பிடித்தான் செய்வார்."

சோற்றுக் கோப்பையைத் தள்ளிவைத்தேன். இதே மேசையில் இருந்து அவளோடு என்னவெல்லாம் கதைத்திருக்கிறாய், மச்சான்? ஆலைக்கு வராதவளுக்கு வால்வுப் பந்துகூடத் தெரிந்திருக்கிறதே! நானோ வேலைக் கதையை வீட்டில் எடுத்ததே இல்லை.

அடுத்த நாள் ஸ்டோரில் புதுப் பந்து ஒன்றை எடுத்துப் பழையதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பழையது பருத்துப்போயிருந்தது. றப்பர், மச்சான்! மண்ணெண்ணெயைக் குடித்துக் குடித்து ஊதி, கூட்டுக்குள் இறுகிக்கொண்டு வளையத்தில் உட்கார மறுத்திருக்கிறது. எல்லாவற்றையும் மாற்றினேன். வளையங்களில் படிந்திருந்த உப்பை வெறும் நல்லதண்ணீர் ஊற்றியே கரைத்தேன். பம்பைப் போட்டதும் தண்ணீர் ஏறியது. அன்றைக்கு ஒருவரும் உன் பெயரை எடுக்கவில்லை.

எவ்வளவு சந்தோசம் தெரியுமா? பம்ப் ஓடியதற்கு இல்லை. நீ பிழை விட்டிருக்கிறாய் என்பதற்கு. ஊதின பந்து ஒன்றைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி வீட்டுக்கே கொண்டுபோனேன். பரீனாவின் முன்னால் வைத்து ஒன்றுவிடாமல் விளக்கினேன். அவள் மனதில் உன் மதிப்புக் கொஞ்சமாவது இறங்க வேண்டும், அவ்வளவுதான் என் எண்ணம்.

அவள் பந்தை உருட்டிப் பார்த்துச் சிரித்தாள். "அவர் பிழை விடாத ஆளா? அவரோட சண்ட பிடிச்சவள் நானில்லயா?" என்றாள். சிரிக்கும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கு உள்ளே எரிந்தது. எழும்பப் பார்த்தேன்.

"எங்க போறீங்க? இண்டைக்குத்தான் நீங்க என்னோட இவ்வளவு நேரம் கதைச்சிருக்கிறீங்க. மத்தப் பந்தெல்லாமும் இப்பிடித்தான் ஊதியிருந்திச்சா? சொல்லுங்க."

இருந்தேன். தேத்தண்ணீர் ஆறிப்போகும்வரை சொன்னேன். இடையிடையே அவள் கேள்வி கேட்டாள். உன்னிடமும் இப்படித்தான் கேட்டாளா?

பொறாமை போய்விட்டதென்று உன்னிடம் பொய் சொல்லமாட்டேன். அவள் சிரித்தால், அதில் உன் பங்கு எவ்வளவு என்று மனம் இன்னும் தேடுகிறது. ஆனாலும் ஒரு வாக்குத் தருகிறேன். அவள் உன் கதையை எடுத்தால் இனி எழும்பிப் போகமாட்டேன். கடைசிவரை கேட்பேன். பிறகு என் கதையைச் சொல்வேன்.

உன் மச்சான்,
பரீனாவின் மாப்பிள்ளை,
நஸார்